தேநீர்ப் பையோடு ஏறும் போமன்

காரின் உள்கண்ணாடியில் தொங்கும் மல்லிகைச் சரத்தைப் பக்குவமாகக் கழற்றி ஓரமாக வைக்கிறார் அப்பாவு. அந்த இடத்தில், வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டுகிறார். உள்ளே முக்கால் பை தே ஓ, பால் சேர்க்காதது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வெறுங்காலைத் தரையில் ஊன்றிக்கொள்கிறார்.

“ஓட்டுங்க. ரேடியோ வேணாம். பேச்சும் வேணாம்லா.”

முதல் தடவை வந்தவர்களுக்கு இந்த இடத்தில் முகம் ஒரு மாதிரியாகும். மூன்றாம் தடவை வருகிறவர்கள் பூச்சரத்தைத் தாங்களே கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

எங்கள் ஊர் புந்தோங்கில் கார் பழுது பார்க்கிறவரைப் போமன் என்பார்கள்; காரைக் காடி என்பார்கள். அப்பாவு போமனுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பல் துலக்கும் பிரஷ். அது பல்லுக்கு அல்ல, பிளக் துடைக்க. கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில் தகரக் கூரை போட்ட பட்டறை. காரின் கோளாறைத் திரையில் எழுதிக் காட்டும் கருவியும் அங்கே இருக்கிறது, பூப்போட்ட துவாலை போர்த்திக்கொண்டு. “அது பொய் சொல்லாது. ஆனா கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும்” என்பார். அதனால் கடைசியில்தான் அதன் துவாலையை எடுப்பார்.

பை முன்னும் பின்னுமாக ஆடினால் கியர்ப்பெட்டி. பக்கவாட்டில் ஆடினால் டயர். பை அசையாமல் உள்ளே தேநீர் மட்டும் சிலிர்த்தால் எஞ்சினில் ஒரு சிலிண்டர் வேலைக்கு வரவில்லை. இதில் விஞ்ஞானம் எவ்வளவு, அப்பாவு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. சோதனை முடிந்ததும் பையில் ஸ்ட்ராவைக் குத்தி அந்த விஞ்ஞானத்தைக் குடித்துவிடுவார் என்பது மட்டும் தெரியும்.

காலுக்கும் பைக்கும் பிடிபடாததைக் கேள்வி கேட்டுப் பிடிப்பார். “மழ பேஞ்சா வெட்டுதா? ஏர்கோன் போட்டா வெட்டுதா? மாமியார் ஏறினா வெட்டுதா?” மூன்றாவது கேள்விக்குச் சிரிப்பவர்களை முறைப்பார். பாரம் ஏறினால் கார் வெட்டுகிறதா, அதாவது திக்கித் திக்கிப் போகிறதா என்பது அவருக்கு முக்கியம். அதைத்தான் தம் பாணியில் கேட்கிறார்.

சோதனைக்கு அவர் போகும் சாலை பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் இருக்கிறது. அப்பாவு பிறந்த ரப்பர் தோட்டம் அங்கேதான் இருந்தது. இப்போது பாதி கட்டிய வீடுகளும், ஆளில்லாத, நேரான தார்ச்சாலையும். மற்றவர்கள் பெருமூச்சு விடும் இடத்தில் இவருக்கு ஒரே சந்தோஷம். “எங்கம்மா மரம் சீவுன நெரைலதான் நான் எழுபதுல போறேன். குழி இல்ல, டிராபிக் லைட் இல்ல. சூப்பர் ரோடு!”

போன மாதம் ஒரு வியாழக்கிழமை என் காரின் பிரேக்கைக் கழற்றிப் போட்டிருந்தார். எனக்குப் போக வழியில்லை, உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது. ஓட்டி வந்தவன் தனேஷ், முப்பது வயது, அலுவலக உடுப்பு. பின்னால் அவன் அம்மா கலாதேவி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி.

“அங்கள், காடில ஒன்னும் இல்ல. அம்மா ஓட்டுனா மட்டும் அறுவது எழுவதுல வெட்டி வெட்டிப் போவுதாம். ரெண்டு பட்டறைல காட்டிட்டேன். ஒருத்தர் பிளக் மாத்துனாரு, ஒருத்தர் பெட்ரோல் பம்ப் மாத்துனாரு. அப்பவும் அதே கதைதான். நான் ஓட்டுனா நல்லாத்தானே போவுது? வயசாயிருச்சு, காலு நிதானம் இல்ல. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க.”

“இருவத்திரெண்டு வருசம் பள்ளிக்கூட வேன் ஓட்டுன காலுடா இது” என்றார் கலாதேவி. “தூங்குற புள்ள ஒன்னு முழிச்சிருக்குமா?”

விஷயம் இதுதான். இரண்டு வாரமாகச் சாவி மகனிடம். மாதக் கடைசியில் காரை விற்றுவிடுவதாகவும் சொல்லிவிட்டான். கலாதேவியின் தோழி முத்தம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இரண்டு நாளைக்கு வேன் வரும். சனிக்கிழமைக்குக் கலாதேவியின் கார்தான். அந்த இரண்டு சனிக்கிழமையும் முத்தம்மா யார் யாரிடமோ கெஞ்சித்தான் போய் வந்திருக்கிறார். கலாதேவிக்கு அறுபத்து மூன்று. அந்த வயதில் ஒருவரிடமிருந்து சாவியைப் பறிப்பது சின்னக் காரியமா? எனக்கு அந்தப் பையன்மேல் கோபமாக வந்தது.

அப்பாவு தேநீர்ப் பையோடு ஏறினார். தனேஷ் ஓட்டினான். போய்த் திரும்பி வந்தார்கள். பையும் அசையவில்லை, தேநீரும் சிலிர்க்கவில்லையாம். தனேஷ் வெற்றிச் சிரிப்போடு இறங்கினான். அப்பாவு ஸ்ட்ராவை உறிஞ்சியபடி கலாதேவியிடம் போனார்.

“அக்கா, என்னைக்கு வெட்டுது?”

“சனிக்கெழமதான். முத்தம்மாவ ஏத்திட்டுப் போறப்ப.”

“தம்பி, நீ என்னைக்கு ஓட்டிப் பாத்த?”

“சாவிய வாங்குறதுக்கு முந்தி, ஞாயித்துக்கெழமல. அன்னைக்குத்தானே எனக்கு லீவு. காடிக்கு நாள் கெழம தெரியுமா அங்கள்?”

“காடிக்குத் தெரியாது. வீட்டுல உள்ளவங்களுக்குத் தெரியும்லா. லீவு போட்டுட்டு சனிக்கெழம காலைல கொண்டா. நீயே ஓட்டு.”

என் காருக்குச் சாமான் வர வேண்டியிருந்தது என்று சொல்லிக்கொண்டு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். பின் இருக்கையில் கலாதேவிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. புந்தோங் தெருக்களில் கார் சமர்த்தாகப் போனது. தோட்டத்துச் சாலையில் முள் அறுபதைத் தாண்டியதும் ஒரு வெட்டு. அடுத்து இன்னொன்று. அறுபத்தைந்தில் வரிசையாக நாலைந்து. பை தொங்கியபடியே தொங்கியது. உள்ளே தேநீர் சிலிர்த்தது.

தனேஷ் குனிந்து தன் காலைப் பார்த்தான்.

“கால் வலிக்குதா தம்பி?” என்று அக்கறையாக விசாரித்தார் அப்பாவு.

கலாதேவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப் பார்த்தேன், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும் அப்பாவு பானட்டைத் திறக்காமல் அதன்மேல் சாய்ந்துகொண்டார். “அக்கா, வெள்ளிக்கெழம என்னா செய்வீங்க?”

“காடிக்குப் பூச போடுவேன். அதுக்கு மட்டும் இவன் சாவி குடுப்பான். டயருக்கு எலுமிச்சம்பழம், அப்பறம் பானட்டத் தெறந்து எஞ்சின் மேல மஞ்சத்தண்ணி.”

“எஞ்சின் மேலயா?”

“பின்ன? அதோட உசுரு அங்கதானே இருக்கு. டயருக்கு மட்டும் செஞ்சா போதுமா?”

அப்பாவு பானட்டைத் திறந்து, எஞ்சின் மேலிருந்த, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்களை ஒவ்வொன்றாக உருவினார். மூன்றாவது ஈரமாக வந்தது. பிளக் உட்காரும் குழியில் மஞ்சள் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு விரலைத் தொட்டு முகர்ந்தார். “மஞ்சள், துளசி. பச்சக் கற்பூரம் கூட இருக்குலா.”

குழியை மூடும் ரப்பர் கிழிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைத் தண்ணீர் அதன் வழியாக இறங்குகிறது. மெதுவாகப் போனால் தெரியாது. அறுபது எழுபதில் கொஞ்சம் மிதித்து எஞ்சினுக்கு வேலை கொடுத்தால் நெருப்புப்பொறி ஈரத்தில் வழிதவறி, கார் வெட்டுகிறது. டயாலிசிஸுக்குப் போய் வருவதற்குள் எஞ்சின் சூட்டில் தண்ணீர் காய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டினால் ஒன்றும் இருக்காது.

கலாதேவியின் முகம் சுண்டிப்போனது. தனேஷுக்கு உயிர் வந்தது. “அப்ப எல்லாம் அம்மாவால...”

“தம்பி, நீ சொன்னது காலு. காலுல ஒன்னும் ரோசாக் இல்ல, பழுது காடிலதான்” என்றார் அப்பாவு. அவர் குரலை உயர்த்தவில்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை. பிறகு கலாதேவியிடம் திரும்பினார். “ரப்பர் நல்லா இருந்தா ஒரு துளி எறங்காதுக்கா. மாத்திடுறேன். இனிமே பொட்டு, தண்ணி எல்லாம் பானட் மூடி மேலயே. சாமிக்குப் பானட்டத் தெறக்காமலே உள்ள தெரியும்லா.”

“முத்தம்மாவ ஒம்பதுக்கு ஏத்தணும் அப்பாவு.”

“எட்டரைக்கு முடிச்சிருவேன்.”

எட்டே காலுக்கே முடித்துவிட்டார். ஊதிக் காய வைத்து, ரப்பரும் காயிலும் மாற்றியாகிவிட்டது. சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு தனேஷ் ஓட்டுநர் பக்கம் நடந்தான். இரண்டு வாரப் பழக்கம், கலாதேவியும் பின் கதவுப் பக்கம் போனார். அப்பாவு கையைத் துடைத்துக்கொண்டு குறுக்கே வந்து, உள்ளங்கையை நீட்டிச் சாவியை வாங்கி அக்காவின் கையில் வைத்தார். பிறகு பின் கதவைத் திறந்து, தனேஷ் குனிந்து உள்ளே ஏறும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.