வராத லாரி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குள் நுழைகிற சாலையில் நடந்தது இது. எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நடுவில் ஓர் இடத்தில் எனக்கே குழம்பிவிடும். நீங்களாவது கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நானும் என் நண்பனும் பத்து வருடமாகச் சேர்ந்து சைக்கிள் ஓட்டுகிறோம். நான் சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கிறேன், அவன் கணக்கு வாத்தியார். எங்கள் பக்கம் சைக்கிள் ஓட்டுவது என்றால் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவில் ஓட்டுவது என்று அர்த்தம். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் வருகிறவன் "லாரி!" என்று கத்தினால், முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கவே கூடாது. உடனே இடது ஓரத்துக்குப் போய்விட வேண்டும். திரும்பிப் பார்த்தால் ஹேண்டில்பாரும் கூடவே வலப்பக்கம் திரும்பும், நேராகச் சக்கரத்துக்கு அடியில்தான் போவோம். பார்க்காதே, நம்பு. அவ்வளவுதான்.

அந்த வருடம் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து, நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு பந்தயம் வைத்தார்கள். முதலில் வருகிறவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். நண்பனுக்கு அதன்மேல் உயிர். முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகும், "ஒரே ஒரு தடவை மாப்ள, முதுகுல நம்பர் குத்திக்கிட்டு மாநிலப் போட்டியில ஓட்டிடணும், அதுக்கப்புறம் கால் போனாலும் போகட்டும்" என்று சொல்லிக்கொண்டே பயிற்சி எடுத்தான். எனக்கு அப்படி ஆசை எதுவும் கிடையாது. கிடையாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திட்டம் அவன் போட்டது. கடைசி கிலோமீட்டரில் நான் முன்னால் போய் எதிர்காற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். அவன் என் பின்சக்கரத்தை ஒட்டியே வந்து தெம்பை மிச்சம் பிடிப்பான். முடிவுக்கோட்டுக்கு முந்நூறு மீட்டர் என்ற பலகை வந்ததும் நான் ஒதுங்க வேண்டும், அவன் பாய்வான். அதோடு என் வேலை முடிந்தது, நான் காலை ஓய்த்துவிடலாம்.

எல்லாம் சொன்னபடியே நடந்தது, என் கால்களைத் தவிர. அவன் பாய்ந்தான். நான் ஓயவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். அன்றைக்குக் கால் நன்றாக இருந்தது, ஓரத்தில் ஜனம் விசில் அடித்தது, அவன் முதுகுக்குப் பின்னாலேயே மிதித்துக்கொண்டு போனேன். இடப்பக்கத்தில் பெரம்பலூர்க்காரர் ஒருவர் மூச்சு இரைக்க ஏறி வந்தார். கோட்டுக்கு நூறு மீட்டர்கூட இருக்காது. அப்போது பின்னால் ஒரு ஹாரன் சத்தம் கேட்டது. கேட்டது என்றுதான் நினைக்கிறேன். "லாரி!" என்று கத்திவிட்டேன்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டென்று இடது ஓரத்துக்கு ஒடித்தான். பெரம்பலூர்க்காரர் பிரேக்கைப் பிடித்து, சாய்ந்து, எப்படியோ விழாமல் தப்பினார். எனக்கு முன்னால் வலப்பக்கம் கல்யாண மண்டப வாசல் மாதிரி திறந்து கிடந்தது. புகுந்து போனேன். ஜெயித்தும்விட்டேன்.

கோட்டைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. சாலையைத் தடுப்பு போட்டு மூடியிருந்தார்கள். லாரி எங்கிருந்து வரும்?

கடைசிப் பாய்ச்சலில் தன் தடத்தை விட்டு விலகி அடுத்தவரை மறிக்கக் கூடாது என்பது பந்தய விதி. நடுவர் நண்பனைக் கடைசி இடத்துக்குத் தள்ளிவிட்டார். நான் ஓடிப்போய், நான் கத்தியதால்தான் அவன் விலகினான், தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

"வேணும்னே கத்துனீங்களா?" என்றார் நடுவர்.

"தெரியலைங்க சார்" என்றேன்.

"தெரியலைன்னு நான் என்னத்தைங்க எழுதுறது?" என்று எரிச்சலோடு பேனாவை மூடினார்.

விடவில்லை நான். பந்தயக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுக்க எங்கள் பின்னால் வந்த வேனின் டிரைவரைத் தேடிப் பிடித்து, ஹாரன் அடித்தாரா என்று கேட்டேன். "அடிச்சிருப்பேன் சார். கை சும்மாவா இருக்கும்?" என்று சிரித்தார். அடிச்சிருப்பேன்! அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மாநிலப் போட்டிக்கு நான் போகவில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், பெரம்பலூர்க்காரர் போனார். நண்பனுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அடுத்த வருடம் முழங்கால் மறுபடி மக்கர் செய்தது, இனிப் பந்தயமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பந்தயம் முடிந்த அன்று டீக்கடையில் அவன் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. "திட்டித் தொலையேன்டா" என்று நானே கேட்டேன்.

"எதுக்குன்னு திட்டுறது? பழக்கத்துல கத்திட்டன்னா திட்டக் கூடாது. வேணும்னு கத்தியிருந்தா திட்டிப் பிரயோசனமில்ல. நீயே யோசிச்சு முடிவு பண்ணிச் சொல்லு" என்றான். கணக்கு வாத்தியார் இல்லையா? டம்ளரை வைத்துவிட்டு, "ரோடு அடைச்சிருக்குன்னு எனக்கும் தெரியும்டா. ஆனா நீ கத்துனா நான் யோசிக்கிறதில்ல" என்றான்.

யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.

இப்போதும் அவன் முழங்கால் இடம் கொடுக்கிற ஞாயிறுகளில், மெதுவாகச் சேர்ந்துதான் ஓட்டுகிறோம். நான் "லாரி!" என்று கத்தினால் அவன் ஓரம் போகிறான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறான். ஹேண்டில்பார் வலப்பக்கம் ஒரு சாண் ஆடிவிட்டு மீள்கிறது, லாரி உரசுகிற மாதிரி கடந்து போகிறது. அன்று கத்தியது பழக்கமா ஆசையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "பாக்காதடா, நம்புடா" என்று அவனிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை என்பது மட்டும் தெரிகிறது.