ஸ்டார்ட்டர் பெட்டியில் ஐந்து ஸ்டார்

காடாம்புலியூர் மங்கலத்துக்குக் கோபம் வந்தால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும் என்பார்கள். பொத்திக்கொள்ளட்டும். 2012 கோடையில் அவளுக்கு வந்த கோபத்தில் துளியும் தப்பு கிடையாது.

தானே புயல் அவளுடைய இரண்டு காணி முந்திரித் தோப்பை அடியோடு சாய்த்திருந்தது. அவள் தலையில் கைவைத்து உட்காரவில்லை. பாலித்தீன் பைகளில் ஒட்டுக்கன்று வளர்த்தாள். மழை விழுந்ததும் நட்டுவிட்டால் தோப்பு திரும்பிவிடும். கன்று காய்ந்தால் அவளுக்கு வேறு போக்கில்லை.

அந்த நேரம் பார்த்து மோட்டார் திட்டத்து அதிகாரி வந்து சேர்ந்தார்.

"ஒங்க பழைய மோட்டார் கரண்ட்டக் குடிக்குதும்மா. அதக் குடுத்துட்டு கரண்ட்ட மிச்சம் பண்ற அஞ்சு ஸ்டார் மோட்டார் வாங்கிக்குங்க. இலவசம்."

பழையதை மறுபடி யாரும் ஓட்டிவிடக் கூடாதாம். அவள் கண்ணெதிரிலேயே அடித்து உடைத்தார்கள். புதியதை ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இறக்கினார்கள். உள்ளே கிடந்தால் ஸ்டாரை யார் பார்ப்பது? ஸ்டிக்கரை ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

கரண்ட் எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாத காலம் அது. அதனால் அந்தப் பக்கத்துக் கொல்லைகள் எல்லாவற்றிலும் ஆட்டோ சுவிட்ச். ஆள் இல்லாவிட்டாலும் கரண்ட் வந்தவுடன் மோட்டார் தன்னால் கிளம்பும். மங்கலமும் அப்படித்தான் வைத்திருந்தாள். ஒரே டிரான்ஸ்பார்மரில் அத்தனை மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பினால் வோல்டேஜ் படுத்துவிடாதா? பழைய மோட்டார்கள் முக்கி முனகி ஓடிவிடும். ஸ்டார் வாங்கிய புது மோட்டார் துரை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. உள்ளே சுற்றிய காயில் கம்பி கருகி நின்றுவிட்டார்.

மங்கலம் கடலூர் ஆபீசுக்கு ஓடினாள்.

"சோதனையில நல்லா ஓடித்தாம்மா அது ஸ்டார் வாங்கிச்சு. ஒங்க லைன்ல வோல்டேஜ் இல்லன்னா கியாரண்டி கெடையாது" என்றார் அதே அதிகாரி.

"அந்தச் சோதனைய எங்க கொல்லையில வந்து பண்ணியிருக்கலாமுல்ல சார்? எங்க லைனு லட்சணம் தெரிஞ்சும் பழச ஏன் ஒடச்சீங்க?"

அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். அவள் குடத்தில் சுமந்த தண்ணீர் எத்தனை பைக்குப் போதும்? பாதிக்கு மேல் கன்றுகள் கருகிப்போயின. வயிறு எரிகிறது, சொன்னால்.

கடைசியில் அண்ணாகிராமத்தில் காயில் கட்டும் அன்புமணியிடம் மோட்டாரைக் கொண்டுபோய்ப் போட்டாள்.

"தடிச்ச கம்பி போட்டாத்தான் நம்ம லைனுக்குத் தாங்கும் அத்தே. ஆனா கரண்ட் ஜாஸ்தி இழுக்கும்."

"இழுத்துட்டுப் போவட்டும். எனக்குத் தண்ணி வேணும்டா."

தண்ணீர் வந்தது. மிச்சக் கன்றுகள் பிழைத்தன.

அதற்கப்புறம்தான் அதிகாரிக்கு வழி தெரிந்தது. கேமராவோடு வந்தார். குழாயில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து அவருக்கு முகமெல்லாம் பல்.

"பாத்தீங்களா, அஞ்சு ஸ்டார் எப்புடித் தள்ளுது! ஸ்டிக்கர் தெரியிற மாதிரி நில்லுங்கம்மா, ஒரு போட்டோ."

மங்கலம் நிற்கவில்லை. வரப்போரம் குவித்திருந்த காய்ந்த கன்றுகளில் இரண்டைப் பையோடு தூக்கிவந்து ஸ்டிக்கரை மறைத்துப் பிடித்தாள்.

"உள்ள ஓடுறது அன்புமணி கட்டுன காயிலு சார். ஒங்க ஸ்டாரு செஞ்ச வேல இது. எடுங்க."

அதிகாரி கேமராவைத் தாழ்த்தினார்.

"எடுங்க சார்" என்றாள் மறுபடியும். அவள் கை இறங்கவில்லை.