நடுவர் கழுத்தில் தொங்கிய டை

போன தை மாதம், சேலத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் நாய்க் கண்காட்சி நடந்தது. சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் என் முதலாளியின் டாபர்மேனைப் பிடித்துக்கொண்டு அரங்குக்குள் ஓட வேண்டியவன் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். கிளீனராகத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். நாய் என்னிடம் ஒட்டிக்கொண்டதால், முதலாளி என்னை நாயோடு விட்டுவிட்டார். காகிதத்தில் அதன் பெயர் ஒரு முழ நீளம். நாங்கள் கூப்பிடுவது குட்டி.

முதலாளி குட்டிக்குக் குறி வைத்திருந்த சர்வதேச சாம்பியன் பட்டம் லேசில் கிடைக்காது. வேறு வேறு நாடுகளில், வேறு வேறு நடுவர்கள் கையெழுத்துப் போட்ட சான்றிதழ்கள் வேண்டும். முதலாளி மூன்று வருடம் அலைந்தார். கொழும்பு, பாங்காக் என்று நாய் ஊர் சுற்றியது. எனக்கு இன்னும் பாஸ்போர்ட்டே இல்லை. பாக்கி ஒரே ஒரு சான்றிதழ். அதைத் தரக்கூடிய வெளிநாட்டு நடுவர்தான் அன்றைக்கு வந்திருந்தார்.

இதற்கு நடுவில் நான் செய்து வைத்திருந்த வேலையைச் சொல்ல வேண்டும். நடுவர் குனிந்து பல்லைப் பார்ப்பார், உடம்பைத் தடவுவார். நாய் அசையாமல் நிற்க வேண்டும். அதைப் பழக்க, லாரி ஷெட்டுக்கு வருகிற ஆட்களையெல்லாம் நடுவர் மாதிரிக் குனியச் சொல்வேன். ஒருநாள் ஒரு புரோக்கர் குனிந்தபோது தோள் துண்டு சரிந்து நாயின் முகத்துக்கு நேராகத் தொங்கியது. குட்டி லபக்கென்று கவ்வி இழுத்தது. ஷெட்டே சிரித்தது. எனக்குக் குஷி தாங்கவில்லை. ஒரு துண்டு ஈரலை எடுத்து நாய்க்குக் கொடுத்தேன். அப்புறம் துண்டு போட்டு வந்த ஒருத்தரையும் விடவில்லை. ஒரே மாதத்தில் குட்டி, முகத்துக்கு முன்னால் எது தொங்கினாலும் பிடித்து இழுக்கப் பழகிவிட்டது.

மைதானத்தில் மற்ற நாய்களை நடுவர் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். அவர் கழுத்தில் நீளமான சிவப்பு டை. குனியும்போதெல்லாம் அது நாயின் மூக்குக்கு நேராக ஆடியது.

டாபர்மேன் நடுவரின் மார்பை நோக்கி வாயைக் கொண்டுபோனால் விளையாட்டு என்று யார் நம்புவார்கள்? கடிக்க வந்த நாய் என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். பட்டமும் அதோடு போச்சு.

முதலாளியிடம் ஓடினேன்.

"அண்ணா, அவரு டையப் பாருங்க. நம்ம குட்டி புடிச்சு இழுத்துப்போடுமுங்க."

"காலங்காத்தால ஆரம்பிச்சுட்டயா? இன்னைக்காச்சும் சும்மா இருடா சாமி."

"நெசமாலுமுங்ணா. நாந்தான் பழக்கி உட்டுட்டேன்."

"போன வாரம் நாய்க்குக் காது கேக்கலைன்னு புளுகி என்னைய டாக்டரு ஊடு வரைக்கும் ஓட உட்டவந்தானே நீ?" என்று சிரித்துக்கொண்டே தண்ணீர் வாங்கப் போய்விட்டார்.

அடுத்தது எங்கள் நம்பர். அரங்கு வாசலில் பட்டியலைப் பார்த்து நம்பர் கூப்பிடும் ஒரு அம்மா நின்றிருந்தார். முன்பின் பார்த்ததில்லை. வேறு வழியில்லாமல் அவரிடம் போனேன்.

"அக்கா, ஒரு தப்புப் பண்ணிப்போட்டனுங்க" என்று துண்டுக் கதை முழுவதையும் ஒப்பித்தேன்.

"விளையாடுறியாப்பா?"

"இல்லீங்க்கா. சத்தியமா இல்லீங்க."

ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார். "இதை நான் எப்படிப் போய் அவர்கிட்ட சொல்றது!" என்று தலையில் அடித்துக்கொண்டே உள்ளே போனார்.

நடுவர் கேட்டார். நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. டையின் நுனியைச் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு, வா என்று கை காட்டினார்.

அவர் குட்டியின் வாயைத் திறந்து பார்த்து, முதுகைத் தடவி முடிக்கும்வரை நான் மூச்சு விடவில்லை. அதன் மூக்கு மட்டும் லேசாகத் துடித்தது. மற்றபடி சிலை மாதிரி நின்றது. அப்புறம் ஓடினோம். கடைசியில் நடுவரின் விரல் எங்களைக் காட்டியது.

சான்றிதழை முதலாளி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தண்ணீரோடு திரும்பும்போது பார்த்திருப்பார் போல, வெளியே வந்ததும், "அந்தம்மாகிட்ட என்னடா ஓதுனே?" என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப நீ நெசமாத்தான் சொன்னயா?" என்றவர், அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. வாங்கி வந்த தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். ஒரே மூச்சில் குடித்து முடித்தேன்.

ஆட்களைப் புளுகி ஏமாற்றும் கேலியை நான் இன்னும் விடவில்லை. ஆனால் அந்த அம்மா என்னை நம்பியது, நான் யாரென்று அவருக்குத் தெரியாததால்தான் என்பது மட்டும் இப்போதும் மனதில் சுருக்கென்று தைக்கிறது.