அத்தையின் வேனில் கோப்பி

அத்தைக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அப்பா முடிவு கட்டியபோது நான் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மாமா தவறி, கருமாதி முடிந்த கையோடு, கூலாய் ஊரிலிருந்த வீட்டை மாமாவின் தம்பிகளிடமே விட்டுவிட்டு, மாமா தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கிய பழைய வேனில் அத்தை குடியேறிவிட்டார். இருக்கைகளைக் கழற்றி மெத்தை போட்டு, கூரையில் சோலார் தகடு மாட்டி, உலு திராம் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக நிறுத்தியிருந்தார். சொந்தபந்தம் என்ன பேசும் என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். வேனில் தூங்கக் கிடைத்தும் வீட்டில் தூங்குகிறவர்களுக்குத்தான் புத்தி பிசகியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆனாலும் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. அவர் தலை வாரினால் வலிக்காது. வந்தால் என் அறையில்தான் படுப்பார். "நாங்க கூப்பிட்டா கேக்க மாட்டாங்க. நீ கூப்பிடு, வருவாங்க" என்று சொல்லி, பள்ளி விடுமுறையில் அப்பா என்னை அந்த வேனில் இறக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வேனின் பின்கதவைத் திறந்துவைத்து, சின்ன கேஸ் அடுப்பில் அத்தை தண்ணீர் கொதிக்க வைத்தார். காற்றில் அடுப்பு அணைந்து அணைந்து போனது. பிஸ்கட் டின் மூடியைத் தடுப்பாக வைத்துவிட்டு, அவசரமே இல்லாமல் காத்திருந்தார். துணி வடிகட்டியில் தூளைப் போட்டு ஊற்றியதும் மணம் வேன் முழுக்க நிறைந்தது. நான் கையை நீட்டினேன். அத்தை அந்தக் குவளையைத் தானே எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு, அத்தை?"

"இரு கண்ணு. நான் குடிச்சிட்டு கலக்கித் தரேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் வீட்டில் முதல் கோப்பி அப்பாவுக்கு, அப்புறம் எனக்கு. ஜாடியில் மிஞ்சி ஆறிப்போனதை அம்மா நின்றுகொண்டே குடிப்பார். கூலாய் வீட்டிலும் அப்படித்தான். ஒருவருக்குச் சீனி குறைவு, ஒருவருக்குப் பால் கூடாது என்று அத்தை எல்லாருக்கும் கலக்கிக் கொடுத்த பிறகுதான் தன் கோப்பியைத் தேடுவார். வேனில் ஒரே குவளைதான் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கொக்கியில் இன்னொன்று தொங்கியதைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. அத்தைக்கு என்மேல் பாசம் விட்டுப்போய்விட்டதோ?

இனியும் தாமதிக்கக் கூடாதென்று, கடைசிக்காக வைத்திருந்த பேச்சை எடுத்துவிட்டேன்.

"நம்ம வீட்டுக்கே வந்திடுங்க அத்தை. நீங்க கலக்குற மாதிரி யாருக்கும் கோப்பி வராதுன்னு அப்பா சொன்னாரு. நீங்க வந்தா காலையில எல்லாருக்கும் நீங்களே கலக்கலாம். அம்மாவும் நேரத்தோட வேலைக்குப் போயிடுவாங்க."

அத்தை என்னையே பார்த்தார். பிறகு குவளை ஆடும் அளவுக்குச் சிரித்தார். கைலி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியா சொன்னாரு ஒங்கப்பா?" என்றார். எனக்குக் கெட்டிப்பால் தாராளமாக விட்டு ஒரு கோப்பி வந்தது.

சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் காரில் வந்தார்கள்.

"சாமான எடுத்து வைக்கவாக்கா?"

"நான் இங்கயே இருக்கேன் லா, தம்பி" என்றபடி அத்தை கோப்பி கலக்கினார். அப்பா பழக்கத்தில் கையை நீட்டினார். குவளை அவரைத் தாண்டி அம்மாவிடம் போனது. "உக்காந்து குடிம்மா, சூடா இருக்கு." அம்மா அப்பாவைப் பார்த்தார், குவளையைப் பார்த்தார், படியில் உட்கார்ந்து குடித்தார்.

திரும்பும் வழியெல்லாம் நான் அழுதேன்.

"என்ன சொல்லிக் கூப்பிட்ட?" என்றார் அப்பா.

"நீங்க சொன்னதெல்லாம் சொன்னேன். கோப்பிய ரொம்ப புகழ்ந்தேன்."

"பின்ன ஏன் வரல?"

எனக்கும் அதுதான் விளங்கவில்லை. அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் அப்பா மேசையில் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார். சமையலறையை எட்டிப் பார்த்தேன். அம்மா நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆவி பறக்கும் கோப்பியைத் தான் முதலில் குடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. ஓடிப்போய் அம்மாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.