கங்காணியை வெட்டக்கூடாது

கழுதை ஆட்டத்தைப் போல எளிய சீட்டாட்டம் வேறில்லை. கட்டு முழுவதையும் இருக்கிறவர்களுக்குப் பிரித்துப் போட வேண்டும். இஸ்பேட் ஆஸ் கையில் உள்ளவர் முதலில் இறங்குவார். மற்றவர்களும் அதே இனத்தில் ஆளுக்கொன்று போட வேண்டும். எல்லோரிடமும் அந்த இனம் இருந்தால் அந்தச் சீட்டுகள் கழிந்துபோகும். பெரிய சீட்டுப் போட்டவர் அடுத்து இறங்குவார். ஒருவரிடம் அந்த இனம் இல்லையென்றால் வேறு இனத்தால் வெட்டுவார். வெட்டு விழுந்ததும், அதுவரை பெரிய சீட்டுப் போட்டிருந்தவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள வேண்டும். கைச்சீட்டுத் தீர்ந்தவர்கள் விலகிக்கொள்ள, கடைசியில் சீட்டோடு மிஞ்சுகிறவர் கழுதை. கழுதை மூன்று தோப்புக்கரணம் போட வேண்டும்.

இவ்வளவுதான் ஆட்டம். கங்காணிக்கென்று இதில் தனி விதி கிடையாது.

எங்கள் வீட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பகலில் அப்பா, அம்மா, அக்கா எல்லோரும் ரப்பர் தோட்டத்து லயத்து வாசலில் பாய் விரித்து உட்காருவார்கள். கங்காணியும் வந்து சேர்ந்துகொள்வார். அவருடைய சீட்டுப் பெரிதாகக் கிடக்கும்போது யாரிடம் அந்த இனம் இல்லையோ அவர் வெட்டக்கூடாது. "எனக்கு விழுந்திருச்சு" என்று சொல்லித் தானே அள்ளிக்கொள்ள வேண்டும். அப்பா வைத்த வழக்கம் அது. கங்காணி ஒன்றும் அறியாதவர்போல் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார்.

விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி, யாருக்கு எந்த மர நிரை என்று பிரித்துக் கொடுப்பவர் அவர். அம்மாவின் நிரை, தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்தது. தம்பிக்கு அப்போது நான்கு மாதம். மரம் சீவுவதற்கு இடையே ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓட அவளுக்கு முடிந்தது.

நான் ஈப்போவில், புந்தோங்கில் ஓர் உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்த அந்த ஞாயிறு, கடைசியில் அக்காவும் நானும் கங்காணியும் மிஞ்சினோம். கங்காணி டைமன் ராஜாவை இறக்கினார். அக்கா தன் கடைசிச் சீட்டாக டைமன் நாலைப் போட்டாள். என்னிடமிருந்த ஒற்றைச் சீட்டு கிளாவர் ஏழு. வெட்டினேன். கங்காணி கழுதையானார்.

அப்பா பதறிப்போய், "டேய், நீயே எடுத்துக்கடா" என்றார்.

"ஆட்டம்னா எல்லாருக்கும் ஒரே ஆட்டந்தான்பா" என்றேன்.

கங்காணி சிரித்தார். "படிச்ச பிள்ளைலா. படிச்சபடி ஆடுது." தோப்புக்கரணம் போடாமல் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் பெரட்டில் அம்மாவுக்கு மலையடி எல்லையில் நிரை விழுந்தது. அங்கிருந்து ஓடிவர முடியாது. கொட்டகை ஆயா சீனித்தண்ணீரில் துணியை நனைத்துத் தம்பியின் வாயில் வைத்தாள். அவன் துப்பிவிட்டு அழுதான். அம்மா திரும்பியபோது அவள் ரவிக்கை நெஞ்சுப் பக்கம் பாலில் நனைந்து காய்ந்து விறைத்திருந்தது. துரையிடம் போய் எழுதிக் கொடுக்கிறேன் என்று குதித்தேன். என்னத்தை எழுதுவாய், சீட்டாட்டத்தையா என்று அப்பா கேட்டார். பிறகு, "ஞாயித்துக்கெழம வருவாரு. ஒழுங்கா ஆடு" என்றார். கங்காணி மேல் இருந்த கோபத்தைவிட அந்த நிமிடம் அப்பா மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

ஆறு நாள் தம்பி அழுதான். ஏழாம் நாள் கங்காணி வந்து, என்றும்போல் பாயில் உட்கார்ந்தார். ஆட்டத்தின் நடுவே இஸ்பேட் ராணியை இறக்கினார். என்னிடம் இஸ்பேட் இல்லை. எல்லோரும் தங்கள் கைச்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் மடியில் கிடந்த தம்பியைப் பார்த்தாள்.

"எனக்கு விழுந்திருச்சு" என்றேன்.

கடைசியில் நானே கழுதை. தோப்புக்கரணத்தைக் கங்காணி வாய்விட்டு எண்ணினார். அப்பாவும் கூடச் சிரித்தார்.

திங்களன்று அம்மாவுக்குப் பழைய நிரை திரும்பக் கிடைத்தது. ஈப்போவுக்குப் புறப்படப் பெட்டியோடு கொட்டகைக்குப் போனேன். அம்மா தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "கோவிச்சுக்காதடா. வெறும் சீட்டுதானே" என்றாள்.

வெறும் சீட்டென்றால் இவன் எதற்கு ஆறு நாள் அழுதான் என்று கேட்க வாயெடுத்தேன். அவன் கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தான். கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.