ரோஜா மணக்கும் புகையிலை

அத்தையைப் பெண் பார்க்கத் திம்புள்ளப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்றதும், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அத்தையைவிட அதிகம் துள்ளியவள் நான்தான். ஐம்பதுகளின் நடுப்பகுதி, எனக்கு எட்டு வயது. அப்பாவின் தங்கையான அத்தைக்கு இருபது. எங்கள் தோட்டத்தில் அவளைப்போல் வேகமாகக் கொழுந்து பறிக்க ஆளில்லை.

அந்த வருடம் மஸ்கெலியாக் கடைக்குப் புதிதாக ஒரு புகையிலை வந்திருந்தது. சிவப்புத் தாள் பொட்டலம். பிரித்தால் ரோஜாப்பூ வாசம். அதற்காகவே குமரிகள் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினார்கள். கறுப்புப் புகையிலை கிழவிகளுடையது, நாறும், பல்லைக் கெடுக்கும். இது அப்படியில்லை என்பது அவர்கள் தீர்ப்பு. "இது பொகையிலயே இல்லடி, வெறும் வாசம்" என்பாள் அத்தை. மழையில் நிற்கும்போது குளிரே தெரியாதாம். மடியில் பொட்டலம் இல்லாதவளை அந்த வருடம் யாரும் குமரியாகவே மதிக்கவில்லை.

வாசம்தானே, எனக்கும் வேண்டாமா? மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும், அத்தையின் பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் அதக்கிக்கொண்டேன். புதுப்பாவாடை சரசரக்க, கேசரித் தட்டோடு ராணிபோல நடந்தேன். மூன்றாவது ஆளிடம் நீட்டும்போது கூரைத் தகரம் சுழன்றது. முதலில் தட்டு விழுந்தது, பிறகு நான், பிறகு மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் என் காலைச் சாப்பாடு.

மாப்பிள்ளையின் அம்மாதான் என்னை வாரியெடுத்து முகம் கழுவிவிட்டார். வாயை முகர்ந்தவர் திடுக்கிட்டார்.

"புள்ள பொகையில போட்டிருக்குங்க!"

"யாரு குடுத்தா?" என்று அப்பா கையை ஓங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மறுபடியும் வந்துவிடும். பேசாமல் இரு என்று அம்மா கண்ணாலேயே அத்தையைக் கெஞ்சினாள். அத்தையோ நேரே வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"என்னோடதுண்ணே. நாந்தான் போடுறேன். புள்ளய அடிக்காதீங்க."

சம்பந்தம் போயிற்று என்று அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள். ஆனால் மாப்பிள்ளை, வேட்டியைப் பிழிந்துகொண்டே சிரித்துவிட்டார். அவருடைய அம்மா, "மறைக்கத் தெரியாத பொண்ணு. எங்களுக்குப் புடிச்சிருக்குங்க" என்றார். அப்புறம் பொட்டலத்தைக் கேட்டு வாங்கி முகர்ந்து, "நல்லாத்தான் மணக்குது. எந்தக் கடையில?" என்றும் விசாரித்தார்.

அவர்கள் போனதும் அப்பா பொட்டலத்தைச் சாக்கடையில் வீசினார். அத்தை என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். "வாசந்தானேண்ணே, விட்டுட்டாப் போச்சு."

அடுத்த வாரம் அத்தை அத்தையாகவே இல்லை. சோறு இறங்கவில்லை. தலைவலி என்றாள். தொட்டதற்கெல்லாம் என்மேல் எரிந்து விழுந்தாள். விரல்கள் நடுங்கி, கூடை பாதிகூட நிறையவில்லை. மாப்பிள்ளை நினைப்பு என்று லயத்துப் பெண்கள் கேலி செய்தார்கள். நானும் அப்படியே நம்பினேன். "மாமா சீக்கிரம் வந்துருவாங்க அத்தை" என்று பக்கத்தில் உட்கார்ந்து தேற்றினேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரே ஒரு தடவை பார்த்த மனிதர்மேல் இத்தனை ஆசையா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.