நத்தார் பஸ்ஸில் ஓராள் குறைவு

சுற்றுலா பஸ் ஓட்டுகிறவனுக்கு நத்தார் என்றால், அடுத்தவன் வீட்டுக் கேக்கை அடுத்த மாவட்டத்தில் நின்று தின்பது. நான் வேதக்காரன், கிறிஸ்து பிறந்த நாள் எனக்குப் பெருநாள். கிளிநொச்சியில் என் வீட்டில் பாலன் குடில் கட்டுகிற நாளில் நான் யாரோ ஒருவருடைய பானை சட்டிகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருப்பேன். லீவில் குழுவாகப் புறப்பட்டு, பக்கத்துச் சீற்றுக்காரரின் குறட்டையையும் பின் சீற்றுக்காரரின் பாட்டையும் தாங்கிய உங்களுக்கு என் பாடு விளங்கும். போன நத்தாருக்கு விசுவமடு, உடையார்கட்டு ஆட்களை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனேன். அதில் நடந்தவற்றைச் சொல்கிறேன்.

முறிகண்டியில் ஒரு கேள்வி

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் எங்கள் பக்கத்து பஸ் எதுவும் தெற்கே போகாது. சாரதி எந்தச் சமயம் என்று பிள்ளையாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. உடைத்துவிட்டுத் திரும்பினால் விசுவமடு லெட்சுமி அக்கா பஸ் வாசலில் தனியே நின்றார். புருஷன் இல்லாமல் வயல் செய்து மகளை வளர்த்தவர். மகளுக்குத் தையில் கலியாணம். மாப்பிள்ளை, உடையார்கட்டில் பென்சன் எடுத்த ஒரு ரீச்சரின் மகன். சம்பந்திகள் பழகட்டும் என்று ரீச்சர்தான் அவரையும் இந்தப் பயணத்தில் சேர்த்திருந்தார்.

பஸ் இறம்பொடையால் போகுமோ என்று கேட்டார். போகும் என்றேன். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கூடப்பிறந்த அக்கா இருப்பதாக மெல்லச் சொன்னார். சின்ன வயதில், கலவரத்தில் தகப்பன் இவரைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு ஓடிவந்தபோது, கலியாணம் முடித்திருந்த அக்கா அங்கேயே நின்றுவிட்டாராம். போன மாதம்தான் போன் நம்பர் கிடைத்ததாம். ஆனால் பெண் கேட்டு வந்த ரீச்சரிடம் தங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்தில் கொடிகாமப் பக்கம் என்று சொல்லியாகிவிட்டது. கச்சான் கடலை வாங்கிக்கொண்டு நின்ற ரீச்சரைப் பார்த்தபடியே சொன்னார்: "அவவுக்குத் தெரிஞ்சா கலியாணம் நிண்டிடும் தம்பி. ஆனா அவ்வளவு கிட்டப் போய் அக்காவைப் பாக்காம வந்தா நான் மனுசியே இல்லை."

புசல்லாவை வளைவுகள்

வன்னிச் சனம் தட்டை நிலத்துச் சனம். மலைப்பாதையில் நாலு வளைவு திரும்பினால் பாட்டு நிற்கும், பிறகு வாந்திக்கு ஆளுக்கொரு சொப்பிங் பை கைக்கு வரும். ரீச்சர்தான் முதலில் விழுந்தார். லெட்சுமி அக்கா அவர் தலையைத் தன் தோளில் சாய்த்து, தேசிக்காயை முகரக் கொடுத்து, முகம் துடைத்துவிட்டார். சொந்தத் தாய்க்குச் செய்வதுபோல்தான் செய்தார். கண்ணாடியில் பார்த்த எனக்கே மனம் இளகிப் போயிற்று.

கொஞ்சம் தெளிந்ததும் ரீச்சர் யன்னலால் பார்த்தார். சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கெட்ட மனுசி இல்லை, இரக்கத்தோடுதான் சொன்னார்: "பாவப்பட்ட சனம். ஆனா தோட்டக்காட்டு ஆக்களோட நாங்கள் சம்பந்தம் வைக்கேலாதுதானே, லெட்சுமி?"

நத்தார் காலை

நுவரெலியாவில் சிங்களத்தில் நடந்த நத்தார்ப் பூசை கண்டுவிட்டு, கோயில் வாசலில் நின்று வீட்டுக்குப் போன் எடுத்தேன். மகள் என்னோடு கதைக்க மாட்டேன் என்றுவிட்டாள். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதை மறைக்க மனைவிக்கு லெட்சுமி அக்காவின் விஷயத்தைச் சொன்னேன். இன்றைக்கு இறங்கி வருகிற வழியில் அக்காவைப் பார்க்காவிட்டால் அவருக்கு வேறு வழி இல்லை என்றும், ரீச்சருக்குத் தெரிந்தால் பழி என் தலையில் என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "எங்கட வீட்டில இண்டைக்கு எல்லாரும் ஒண்டா இல்லை. அந்த வீட்டிலயாவது இருக்கட்டும், கூட்டிக்கொண்டு போய் விடுங்கோ."

பிறேக் ஆறுகிறது

இறம்பொடை நீர்வீழ்ச்சியடியில் பஸ்ஸை நிறுத்தினேன். எல்லோரும் படம் எடுக்க இறங்க, லெட்சுமி அக்காவை ஒரு ஓட்டோவில் ஏற்றிவிட்டேன். அரை மணித்தியாலத்தில் வருவதாகச் சொல்லி, முறிகண்டிக் கச்சான் பொதியை மடியில் வைத்துக்கொண்டு போனார். படம் எடுத்தவர்கள் வந்தார்கள், தேநீர் குடித்தார்கள், மழையும் வந்தது. அவர் வரவில்லை. போனும் வேலை செய்யவில்லை. பிறேக் சூடாகிவிட்டது, ஆறவேண்டும் என்று சொல்லிச் சமாளித்தேன். முல்லைத்தீவில் புடவைக்கடை வைத்திருக்கிற ஹனீபா நானா குனிந்து சில்லைத் தொட்டுப் பார்த்தார்: "தம்பி, இது என்ட கையை விடக் குளிரா இருக்கே."

பிறகு ஆட்களை எண்ணினார்கள். ஓராள் குறைவு என்றதும் பஸ் அப்படியே அடங்கிப்போயிற்று. வேறு ஊர்ப் பயணம் என்றால் ஹோர்ன் அடிப்பார்கள், ஏசுவார்கள். எங்கள் சனத்துக்கு ஆள் குறைந்தால் வாய் வராது, நெஞ்சுதான் அடிக்கும். ரீச்சர் எழும்பி என்னிடம் வந்தார். "கடைசிச் சண்டையில தங்கச்சியை மாத்தளனில விட்டிட்டு வந்தனான். இனி ஒருத்தரையும் விட்டிட்டு வரமாட்டன். அவ எங்க போனவ, சொல்லும்."

லயனில் ஒரு தேநீர்

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு ஓட்டோவில் ரீச்சரும் நானும் போனோம். தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், ஒரு லயன் அறைக்குள் இரண்டு பெண்கள் கட்டிலில் இருந்தார்கள், ஒரே முகம். மூத்தவர் தங்கையின் மணிக்கட்டை விடவே இல்லை. லெட்சுமி அக்கா ரீச்சரைக் கண்டதும் எழும்பினார். "ஓம் ரீச்சர், இவ என்ர அக்கா. நானும் இந்த லயனிலதான் பிறந்தனான்" என்றார்.

வந்தது சம்பந்தி என்று தெரிந்ததும் மூத்தவர் பதறி எழுந்து தேநீர் போட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் வாய் நனைப்பது சின்ன விஷயம் இல்லை. ரீச்சர் கோப்பையை வாங்கினார், கையில் வைத்திருந்தார், இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார், குடிக்காமலே கீழே வைத்தார். மூத்தவர் அதை எடுத்துத் தொட்டுப் பார்த்தார்: "ஆறிப்போச்சேம்மா, வேற போட்டுத் தரவா?"

திரும்பவும் முறிகண்டி

அதற்குப் பிறகு அந்தச் சீற்றில் ஒரு கதையும் இல்லை. தம்புள்ளையில் இறங்கியபோது லெட்சுமி அக்கா, "பாத்திட்டன் தம்பி, எனக்கு அது காணும்" என்றார். மகளிடம் என்ன சொல்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

முறிகண்டியில் வழக்கம்போல் நிறுத்தினேன். ரீச்சர் தேங்காய் உடைத்தார், கச்சான் வாங்கினார். ஏறிவந்து ஒரு பொதியை லெட்சுமி அக்காவின் மடியில் வைத்துவிட்டு, இன்னொன்றை என்னிடம் நீட்டினார். அழுது முடித்த முகம். பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார்: "தம்பி, தையில கலியாணத்துக்கு முதல் நாள் இறம்பொடைக்கு ஒருக்காப் போகவேணும், லெட்சுமியின்ர அக்காவைக் கவனமா ஏத்திக்கொண்டு வாரும். அவ தந்த தேத்தண்ணியை நான் ஆறவிட்டிட்டன், என்ர வீட்டில வந்து அவ சுடச்சுடக் குடிக்கட்டும்."

ஆக, நத்தாருக்கு வீட்டில் நிற்காத சாரதி இனித் தையிலும் வீட்டில் நிற்கமாட்டான், ஆனால் இந்த ஓட்டத்துக்கு மட்டும் என் வீட்டில் ஒருவரும் முகம் நீட்டவில்லை.